முடியாட்சியின் எதிர்காலமும் பெரியாற்று ஆவணமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்கு அணித்தே அமைந்துள்ள பேரூர் காமயகவுண்டன்பட்டி. இன்று தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில் அடங்கியுள்ள இவ்வூர், நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைக் கொடிப்பந்தலும் சூழ்ந்தது. காமயன் என்னும் ஒரு தலைவனின் பெயரை இவ்வூர்ப்பெயர் தாங்கி நிற்கின்றது. தலைவன் மறைந்தான், அவன் பெயரால் ஊர் நின்றது. ஆளும் தலைமைக்கும் அது விட்டுச்செல்லும் பயனுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுவார்க்கு இவ்வூர்ப்பெயரே ஒரு தொடக்கமாகும்.

இவ்வூரார் இந்தியக் குடியரசின் குடிமக்கள். முடிமன்னர் எவரும் இவர்களை ஆளவில்லை. எனினும், இப்பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பெரியாற்று அணையிலிருந்து வரும் நீர், 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மகாராசாவின் அரசாங்கம் எழுதிக்கொடுத்த ஒரு குத்தகை ஆவணத்தின் வலிமையால் வருகின்றது. அவ்வரசு 1949-ஆம் ஆண்டில் தனியரசாக இருத்தல் ஒழிந்தது. அம்மன்னர் குலத்தார் ஆட்சியுரிமை இழந்தனர். ஆவணமோ இன்றும் உயிருடன் உள்ளது. முடி போயிற்று, முடி கொடுத்த வாக்கு நிற்கின்றது. இஃது எவ்வாறு இயலும்?

இக்காலச் சமுதாயத்தில் வரம்புடை முடியாட்சிக்கு எதிர்காலம் உண்டா என்னும் வினாவை உலக அரசியல் அறிஞர் பலகாலும் எழுப்பி வந்துள்ளனர். அரசமைப்புச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று, ஆளும் பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரிடம் விட்டு, நாட்டின் தலைமைக்குரிய அடையாளமாக மட்டும் மன்னர் விளங்குவதே வரம்புடை முடியாட்சி. இவ்வினாவை இங்கிலாந்தையும் சப்பானையும் கொண்டே ஆராய்தல் வழக்கம். யாம் அதனைக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று ஆராய விழைகின்றோம். முடியாட்சியில் எது நிலைக்கும், எது அழியும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கைப் போலத் தெளிந்த சான்று தரும் இடம் பிறிதொன்றை யாம் அறியோம்.

1. முடியும் முடி சூடியவனும்

மன்னன் வேறு, மன்னனது முடி வேறு என்னும் கருத்து மேலைநாட்டுச் சட்ட நூலோர்க்கே உரியது என்று எண்ணுதல் பிழை. ஆங்கிலச் சட்டத்தில் 'முடி' என்பது இறவாத ஒரு சட்ட உருவம். அதனைச் சூடுவோர் மாறினும் அதன் கடமைகள் மாறா. இதனை ஒத்த உணர்வு தமிழ்நாட்டிலும் இருந்தது. அதற்குரிய சான்று இப்பள்ளத்தாக்கிலேயே கிடைத்தது.

கம்பத்தின் வடகிழக்கே உள்ள சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தமையை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். அவற்றுள் பெரிய செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனது பதினாறாம் ஆட்சியாண்டில் வழங்கப்பெற்றது. மதுரையில் சங்கம் நிறுவியதையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் குலத்தின் பெருமைகளாகக் கூறுவதனால், அச்செப்பேடு இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றது. அதனை வழங்கிய மன்னனின் வாழ்வோ துயரில் முடிந்தது. முதற் பராந்தக சோழனிடம் தோற்று நாடிழந்த இராசசிம்மன் இலங்கைக்குச் சென்றான். அங்கு எதிர்பார்த்த துணை கிடைக்காமையால், தன் முடியையும் அரச அணிகளையும் இலங்கை மன்னனிடம் விட்டுத் தன் தாய் பிறந்த சேரநாடு சென்றான். இச்செய்தியை இலங்கை வரலாற்று நூலாகிய சூளவமிசம் கூறுகின்றது.

பாண்டிய நாடு முழுவதையும் பராந்தகன் கைப்பற்றிவிட்டான். அதன்பின்னும் அம்முடியைப் பெறுவதற்காக அவன் இலங்கைக்குப் படை அனுப்பினான், பெற இயலவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து முதலாம் இராசேந்திர சோழன் அதனைக் கவர்ந்தான். அவ்வெற்றி அவனது மெய்க்கீர்த்தியிலும் இடம்பெற்றது. முடி சூடியவன் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. நாடும் சோழர் கையில் இருந்தது. எனினும் அம்முடிக்காகப் படை செலுத்தினர் என்றால், ஆளும் உரிமை ஓர் ஆளின் உடலில் அன்றி முடியில் தங்கியுள்ளது என்னும் உணர்வு அக்காலத்தார்க்கு இருந்தது என்பது வெளிப்படை.

செப்பேட்டின் கதையும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. முடி கடல் கடந்தது. கொடைக்குச் சான்றான செப்பேடு மண்ணில் கிடந்தது. கதிரவனும் திங்களும் உள்ளளவும் அறக்கொடை நிலைபெறுக என்று எழுதுவது பழங்கால மன்னர் வழக்கு. தம் குலம் அவ்வளவு காலம் ஆளாது என்பதை அம்மன்னர் அறியாதவர் அல்லர். தமக்குப்பின் யார் ஆளினும் இவ்வறத்தைக் காக்க வேண்டும் என்பதே அத்தொடரின் உட்பொருள். வருங்கால அரசுகளையும் கட்டுப்படுத்தும் வாக்கை ஒரு மன்னன் கொடுக்கலாம் என்னும் நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது.

2. வரம்பு என்னும் கருத்து

முடிக்கு மேல் ஓர் அறம் உண்டு என்பது சிலப்பதிகாரத்தின் அடிப்படைக் கொள்கை. தவறான தீர்ப்பால் ஒரு வணிகனைக் கொல்வித்த பாண்டியன் நெடுஞ்செழியன், தன் பிழையை உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர் நீத்தான். அவனைத் தண்டிக்க மன்றமோ படையோ அங்கு இல்லை. கோல் வளைந்தது என்பதே தண்டனைக்குப் போதுமானதாயிற்று. இப்பள்ளத்தாக்கின் மேற்கே, கூடலூருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலையில் மங்கலதேவி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளன்று தமிழ்நாட்டாரும் கேரளத்தாரும் கண்ணகியை வணங்க அம்மலைமேல் ஏறுகின்றனர். அரசனைத் தட்டிக்கேட்ட ஒரு குடிமகளின் கோயில், இரு நாட்டின் எல்லை மலைமீது நிற்பதும், அதன் விழாவை இரு மாநில அரசுகளும் கூடி நடத்துவதும் எண்ணத்தக்கன.

சங்க இலக்கியம் இக்கருத்தை நீரோடு இணைத்துக் கூறுகின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. மறுமையின்பமும் வெற்றியும் நிலைத்த புகழும் வேண்டின், பள்ளமான நிலங்களில் நீர்நிலை பெருகுமாறு தளைத்தல் வேண்டும் என்பது அவர் கூறியதன் சாரம். போரில் வென்ற மன்னனிடம், உன் புகழ் வெற்றியில் நிற்பதன்று, நீர்நிலையில் நிற்பது என்று ஒரு புலவர் கூறியது, வரம்புடை முடியாட்சியின் வருங்காலத்தை ஆராயும் நமக்கு இன்றும் வழிகாட்டுவதாகும்.

ஆளாது வீற்றிருக்கும் தலைமை என்பதற்கும் இப்பள்ளத்தாக்கில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கம்பத்தில் வாழும் காப்பிலியர் 'தம்பிரான் மாடு' என்று ஓர் ஆநிரையைப் போற்றி வருதலை 1906-ஆம் ஆண்டில் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியர் விவரிக்கின்றது. அம்மாடுகளை உழவுக்குப் பூட்டுவதில்லை. அவற்றுள் ஒன்று பட்டத்துக் காளை. அஃது இறந்தால் சிறப்புடன் அடக்கம் செய்வர். பின்னர் ஒரு நாளில் குலத்தார் அனைவரும் கூடி நிற்க, நிரையின் முன் கரும்புக்கட்டை வைப்பர். முதலில் வந்து அதனை உண்ணும் காளையே அடுத்த பட்டத்துக்கு உரியது. அக்காளை எவரையும் ஆளுவதில்லை. எனினும் அதனை முன்னிட்டு ஒரு குலம் முழுவதும் ஓரிடத்தில் கூடுகின்றது. பலரை ஒன்றாகக் கூட்டும் அடையாளம் ஒன்று மக்களுக்குத் தேவைப்படுகின்றது என்பதும், அவ்வடையாளம் ஆற்றல் செலுத்த வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்கும். வரம்புடை முடியாட்சியை ஆதரிப்போர் கூறும் தலையாய காரணமும் இதுவே.

3. இரு முடிகளுக்கு இடையே ஓர் ஆவணம்

இனி 1886-ஆம் ஆண்டு ஆவணத்திற்கு வருவோம். அக்காலத்தில் காமயகவுண்டன்பட்டி சென்னை மாகாணத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் மக்கள் விக்டோரியா அரசியின் குடிகள். மலைக்கு அப்பால் பெரியாறு ஓடிய நிலம் திருவிதாங்கூருக்கு உரியது. அங்கு 1885-ஆம் ஆண்டில் மூலம் திருநாள் மகாராசா பட்டமெய்தியிருந்தார். மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் வைகைப் படுகையின் வறட்சி நீங்கும் என்பது திட்டம். நெடுநாள் பேச்சின் பின் 1886 அக்டோபர் 29-ஆம் நாள் ஒப்பந்தம் நிறைவேறியது. திருவிதாங்கூரின் சார்பில் திவான் வெம்பாக்கம் இராமையங்காரும், ஆங்கிலேயர் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டனர்.

8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் வாடகை. திருவிதாங்கூர் ஆங்கில அரசுக்குச் செலுத்திவந்த திறைப்பணத்தில் இத்தொகை கழித்துக்கொள்ளப்பட்டது. 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய அணைப்பணி, கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

இவ்வாவணத்தில் ஒப்பந்தக்காரர் இருவர் யாவர் என்பதை ஊன்றிக் காண்டல் வேண்டும். ஒரு பக்கத்தில் இருப்பவர் மூலம் திருநாள் என்னும் தனிமனிதர் அல்லர். 'திருவிதாங்கூர் மகாராசாவின் அரசாங்கம்'. மறுபக்கத்தில் விக்டோரியா அரசி இல்லை. 'ஆலோசனைச் சபையோடு கூடிய இந்தியா மந்திரி' என்னும் பதவி உள்ளது. இங்கிலாந்தில் முடி ஏற்கெனவே மன்னரின் உடலிலிருந்து பிரிந்து, பாராளுமன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சரிடம் தங்கியிருந்தது. திருவிதாங்கூரில் அப்பிரிவு நிகழவில்லை. மகாராசாவின் சொல்லே சட்டம். எனினும் ஆவணத்தின் மொழி அவரது அரசாங்கத்தைப் பேசிற்று. 999 ஆண்டுகள் என்ற அளவும் ஓர் ஆளின் வாழ்நாளைக் கருதியது அன்று. ஆட்சிமுறையில் நிகழாத பிரிவு ஆவணத்தில் நிகழ்ந்துவிட்டது என்க.

4. நழுவிய வாய்ப்பு

வரம்புடை முடியாட்சியாக வளர்வதற்குத் திருவிதாங்கூருக்கு இந்திய அரசுகள் பலவற்றினும் மிகுதியான வாய்ப்பு இருந்தது. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மர் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தாமும் தம் குலத்தாரும் அவ்விறைவனின் அடியாராகவே ஆளுவர் என்று அறிவித்தார். நாடு மன்னனின் உடைமை அன்று, மன்னன் பொறுப்பாளனே என்னும் கருத்து இவ்வாறு சமய வடிவில் நிலைபெற்றது. 1888-ஆம் ஆண்டில் மூலம் திருநாள் எட்டு உறுப்பினர் கொண்ட சட்டசபையை நிறுவினார். 1904-ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜாசபை தோன்றியது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராசா வெளியிட்ட ஆலய நுழைவு அறிவிப்பு இந்தியா முழுவதும் போற்றப்பட்டது.

இவை அனைத்தும் இருந்தும் ஆளும் பொறுப்பு மக்கள் பேராளரிடம் வரவில்லை. 1938-ஆம் ஆண்டில் தோன்றிய திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசு பொறுப்பாட்சி கோரியபோது அடக்குமுறையே விடையாயிற்று. 1946-ஆம் ஆண்டில் திவான் சி. பி. இராமசாமி ஐயர், சட்டசபையால் நீக்கப்பட முடியாத நிர்வாகத்தைக் கொண்ட ஓர் அரசமைப்பை முன்வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் குருதி சிந்தியது. 1947 சூனில், இந்தியாவில் சேராது திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று திவான் அறிவித்தார். சூலை 25-ஆம் நாள் அவர் தாக்கப்பட்டுக் காயமுற்றார். சின்னாட்களில் மகாராசா இந்தியாவில் சேர இசைந்தார். செப்டம்பர் 4-ஆம் நாள் பொறுப்பாட்சி அறிவிப்பு வெளிவந்தது. 1948 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைச்சரவை பொறுப்பேற்றது.

அதன்பின் திருவிதாங்கூர் வரம்புடை முடியாட்சியாக இருந்த காலம் மிகச் சிறிது. 1949 சூலை 1-ஆம் நாள் கொச்சியோடு இணைந்தபோது சித்திரைத் திருநாள் 'ராஜப்பிரமுகர்' ஆனார். பத்மநாபசுவாமியின் அடியாராக இருக்கும் தாம் அப்பதவிக்கென வேறோர் உறுதிமொழி எடுத்தல் பொருந்துமோ என்று அவர் தயங்கியதை வி. பி. மேனன் குறித்துள்ளார். ராஜப்பிரமுகர் என்பது சிற்றுருவில் வரம்புடை முடியாட்சியே ஆகும்: தலைமை மன்னரிடம், ஆட்சி அமைச்சரிடம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அதுவும் ஒழிந்தது. கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது; பெரியாற்று நீர்ப்பிடிப்புப் பகுதி அமைந்த பீர்மேடும், தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. மன்னர் போயினர், அவர்கள் காலத்து மலையெல்லை மாறவில்லை. ஆதலின் ஆவணத்தின் தேவையும் மாறவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களும் சிறிது காலம் வரம்புடை முடியாட்சியின் கீழ் வாழ்ந்தனர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1947 ஆகஸ்டு 15 முதல் 1950 சனவரி 26 வரை விடுதலை பெற்ற இந்தியா ஒரு டொமினியன். அதன் சட்டப்படியான தலைவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். நேருவின் அமைச்சரவை ஆண்டது, மன்னர் தலையிடவில்லை. அம்முடியை இந்தியர் வெறுப்பின்றி நீக்கினர். அதனைக் காக்கவேண்டும் என்று கருதியவரும் இலர். வரம்புக்குள் நின்ற முடியும் மக்கள் நெஞ்சில் வேர் கொள்ளாவிடின் நிலைப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

5. இரண்டு வாக்குகள்

ஈண்டு இரண்டு வாக்குகளை ஒப்பிட்டுக் காண்டல் இன்றியமையாதது. ஒன்று, மன்னர் அரசாங்கம் கொடுத்த வாக்கு; அது பெரியாற்றுக் குத்தகை. மற்றொன்று, மன்னர்க்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. அது மன்னர் மானியம். நாட்டை ஒப்படைத்த மன்னர்க்கு ஆண்டுதோறும் வரியற்ற தொகை வழங்கப்படும் என்று இந்திய அரசு உறுதி கூறியது. அரசமைப்புச் சட்டத்தின் 291-ஆம் பிரிவு அதனைக் காத்தது. திருவிதாங்கூர் மகாராசாவுக்குரிய தொகை ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். 1970-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆணையால் மன்னர்தம் ஏற்பு நீக்கப்பட்டபோது உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதது என்றது. 1971 டிசம்பரில் நிறைவேறிய 26-ஆம் திருத்தம் மானியத்தையும் பட்டங்களையும் முற்றிலும் நீக்கியது.

அரசமைப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்ற வாக்கு இருபத்திரண்டு ஆண்டுகளில் அழிந்தது. ஒரு குத்தகைத் தாளில் எழுதிய வாக்கு மூன்று அரசியல் முறைகளைக் கடந்து நின்றது. காரணம் என்னை? மானியம் ஒரு குலத்தின் வாழ்வோடு மட்டும் தொடர்புடையது. அதனை நீக்கியபோது எந்த வயலும் வாடவில்லை. பெரியாற்று ஆவணமோ மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்ட மக்களின் வாழ்வோடு பிணைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியுள்ளது. ஆளைக் காக்க எழுந்த வாக்கு ஆளோடு போயிற்று. மண்ணைக் காக்க எழுந்த வாக்கு மண்ணோடு நின்றது.

இவ்வேறுபாட்டை உச்சநீதிமன்றமும் தன் நெறியில் கூறியுள்ளது. 1947-ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆங்கில முடிக்கும் இந்திய மன்னர்க்கும் இடையே இருந்த உடன்படிக்கைகள் மேலாண்மையோடு ஒழிந்தன என்றது. பெரியாற்று ஆவணமும் அவ்வாறே ஒழிந்தது என்று கேரளம் வாதிட்டது. 2006 பிப்ரவரி 27-ஆம் நாள் தீர்ப்பும், 2014 மே 7-ஆம் நாள் ஐவர் அமர்வு அளித்த தீர்ப்பும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவ்வாவணம் அரசியல் உடன்படிக்கை அன்று, அரசியல் சாராத குத்தகை ஒப்பந்தமே என்பது நீதிமன்றத்தின் முடிபு. மன்னர்க்கும் மன்னர்க்கும் இருந்த உறவு அழிந்தது. நிலத்துக்கும் நீருக்கும் இருந்த உறவு நின்றது.

6. மறுப்புரைகளும் விடையும்

இக்கருத்துக்கு எதிராகக் கூறத்தக்கவற்றை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. முதலாவது, இவ்வாவணம் ஒத்த வலிமையுடையார் இருவர் செய்தது அன்று என்பர். மேலாண்மை செலுத்திய பேரரசின் முன் திருவிதாங்கூர் சிற்றரசு; ஆதலின் அதன் இசைவு முழு இசைவு ஆகாது என்பது கேரளத்தார் பலரின் குறை. இதில் உண்மை உண்டு. எனினும், ஆவணம் வலியாரையும் கட்டுப்படுத்தியது என்பதையும் காண்டல் வேண்டும். பெரியாற்று நீரைக் கொண்டு மின்னாற்றல் எடுக்கச் சென்னை அரசு முயன்றபோது திருவிதாங்கூர் தடுத்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. 1941 மே 12-ஆம் நாள் நளினி ரஞ்சன் சட்டர்ஜி அளித்த தீர்ப்பு, அந்நீர் பாசனத்திற்கே உரியது என்று திருவிதாங்கூருக்குச் சார்பாக அமைந்தது. மேலாண்மைப் பேரரசு ஒரு சிற்றரசிடம் ஆவணத்தின் சொல்லால் தோற்றது.

இரண்டாவது, முடியாட்சிக் காலத்து ஆவணம் மக்களாட்சியை எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்று வினவுவர். 1970 மே 29-ஆம் நாள் தமிழக அரசும் கேரள அரசும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்னாற்றல் எடுக்கும் உரிமைக்குத் தனிக் கட்டணம் வகுக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் இரண்டும் பழைய வாக்கைத் தம் வாக்காக ஏற்றன. முடியின் கையெழுத்துக்குக் குடிகளின் கையெழுத்து அன்று கிடைத்தது என்று கூறுதல் பொருந்தும்.

மூன்றாவது, அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்வார்க்குள்ள அச்சம். நூறாண்டைக் கடந்த அணையின் வலிமை பற்றி அவர்கள் கவலையுறுதல் இயல்பே. 1979-ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வலுப்படுத்தும் பணிகளின் பின் 142 அடி வரை தேக்க உச்சநீதிமன்றம் இசைவளித்தது. 2011 டிசம்பரில் இவ்வழக்கால் எழுந்த கொந்தளிப்பில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பெருந்திரளாக எல்லை நோக்கிச் சென்றனர். நீர் இன்றி வாழ்வு இல்லை என்று அஞ்சுவார் ஒரு புறம், நீராலேயே வாழ்வு அழியுமோ என்று அஞ்சுவார் மறுபுறம். ஆவணத்தின் உரிமை ஒன்றே இவ்விருவர் அச்சத்தையும் நீக்காது. வாக்கைக் காத்தல் என்பது கொடுத்தவரின் உயிரையும் காத்தலை உள்ளடக்கும் என்பதே எம் துணிபு.

7. உலகம் காட்டும் நெறி

கம்பத்தில் கண்ட இவ்வுண்மை உலக வரலாற்றோடு ஒத்துச் செல்கின்றதா என்பதையும் காண்போம். நேபாளத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் வரம்புடை முடியாட்சி இருந்தது. 2005 பிப்ரவரியில் ஞானேந்திர மன்னர் ஆளும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். 2008 மே 28-ஆம் நாள் அங்கு முடியாட்சியே ஒழிந்தது. அதே 2008-ஆம் ஆண்டில் பூட்டானில் மன்னரே முன்னின்று தம் ஆற்றலுக்கு எல்லை வகுத்த அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மன்னர் 65 வயதில் விலகவேண்டும் என்பதும் அதில் உண்டு. அங்கு முடி நிலைபெற்றுள்ளது. இமயத்தின் மடியில் உள்ள இரு நாடுகளில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களையும் நோக்கின், 1946-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் எவ்வழியைத் தேர்ந்தது, எவ்வழியைத் தவறவிட்டது என்பது புலனாகும்.

சப்பானில் 1947-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பேரரசரை நாட்டின் அடையாளமாக மட்டும் ஆக்கியது. ஆற்றலை இழந்தபின் அப்பதவி வலுவிழக்கவில்லை. பார்படோசு நாடு 2021 நவம்பர் 30-ஆம் நாள் ஆங்கில முடியை நீக்கிக் குடியரசாயிற்று. அங்குப் போரோ பகையோ இல்லை. சட்டமும் நீதிமன்றமும் தொடர்ந்தன. முடி தன் கடமைகளை முன்னமே மன்றங்களிடம் ஒப்படைத்துவிட்டமையால், அதன் விலகல் எவர்க்கும் இழப்பாகவில்லை.

திருவனந்தபுரத்திலும் இந்நெறியே விளங்கிற்று. பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் 2020 சூலை 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம், அரசகுலத்தின் கோயிற் பொறுப்புரிமை 1991-ஆம் ஆண்டில் சித்திரைத் திருநாள் மறைந்ததனோடு ஒழியவில்லை என்றது. ஆளும் உரிமை போயிற்று. ஊழியம் செய்யும் உரிமை நின்றது. மார்த்தாண்டவர்மர் 1750-ஆம் ஆண்டில் ஏற்ற அடியார் நிலையே அவர் குலத்தார்க்கு எஞ்சிய செல்வமாயிற்று.

முடிவுரை

வரம்புடை முடியாட்சிக்கு எதிர்காலம் உண்டா என்னும் வினாவிற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லால் விடை கூற இயலாது. முடி என்பது கொடுத்த வாக்கைக் காக்கும் பொறுப்பு என்று மன்னரும் மக்களும் உணரும் நாட்டில் அது நெடுங்காலம் நிற்கலாம்; நீங்கினும் இடர் விளையாது. முடி என்பது ஒரு குலத்தின் உடைமை என்று கருதப்படும் நாட்டில் அதன் முடிவு விரைவில் வரும், குருதியோடும் வரலாம். எவ்வாறாயினும், முடி மறைந்தபின் எஞ்சுவது அது குடிகளுக்குச் செய்த நன்மையே. குடபுலவியனார் பாண்டியனுக்குக் கூறியதும் இதுவே.

கம்பம் பள்ளத்தாக்கில் உழவர் சனவரி 15-ஆம் நாள் பென்னிகுவிக்கின் பிறந்தநாளில் பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. விக்டோரியாவுக்கோ மூலம் திருநாளுக்கோ இங்கு விழா இல்லை. பேரரசிக்கும் மகாராசாவுக்கும் கிடைக்காத சிறப்பு அணை கட்டிய பொறியாளர்க்குக் கிடைத்தது. இதனை நன்றிமறத்தல் என்று யாம் கருதவில்லை. மக்கள் யாரிடமிருந்து நீர் பெற்றனரோ அவரையே நினைக்கின்றனர். முடிகள் நினைவிழந்தாலும் அவை எழுதிய தாள் ஒன்று ஐந்து மாவட்டங்களைக் காக்கின்றது.

இப்பள்ளத்தாக்கின் ஊர்களில் பாளையக்காரர் காலத்து நில ஆவணங்களும், நீர்ப்பங்கீட்டுக் குறிப்புகளும், கோயிற் செப்பேடுகளும் இன்னும் ஆராயப்படாது கிடத்தல் கூடும். இளைய ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பதிப்பித்தல் வேண்டும். மன்னர்தம் போர்களை எழுதிய அளவுக்கு, அவர்கள் கொடுத்த வாக்குகள் எவை, அவற்றுள் எவை காக்கப்பட்டன என்பதை நம் வரலாற்று நூல்கள் எழுதவில்லை. 1886-ஆம் ஆண்டு ஆவணத்திற்கு இன்னும் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காலம் உண்டு. அதனைக் காக்கும் பொறுப்பு இனி எந்த முடிக்கும் இல்லை. குடிகளாகிய நமக்கே உரியது.